எல்லாரும் இறங்கும் இடம்

ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் ஏற்றிக்கொண்டுபோய்ப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடுவது அவள் தொழில். தான் பெற்ற இரண்டையும் அந்த வாசலுக்குள் விடாமல் வைத்திருந்தது அவள் கொள்கை. இரண்டுக்கும் நடுவில் ஒரு மஞ்சள் வேன் ஓடிக்கொண்டிருந்தது. இது என்ன நியாயம் என்று யாராவது கேட்டால் அவளுக்குக் கோபம் வராது. "ஆம்புலன்ஸ் ஓட்டறவர் தினமும் ஆஸ்பத்திரில அட்மிட் ஆகறாரா?" என்று திருப்பிக் கேட்பாள். கேட்டவர் பதில் யோசிப்பதற்குள் முதல் கியரைப் போட்டுவிடுவாள்.

எல்லோருக்கும் அவள் 'வேன் அக்கா'. அவளைவிட மூத்த தாய்மார்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளும் பதிலுக்கு யாரையும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. வேனில் ஏறும் பிள்ளைகளுக்கு உட்காரும் இடத்தையோ பழக்கத்தையோ வைத்து ஒரு பட்டம் கிடைக்கும். இடதுபக்க ஜன்னலை யாருக்கும் விட்டுத்தராத பெண் 'ஜன்னல்'. ஏறிய தெரு தாண்டுவதற்குள் தலை சாய்ந்துவிடும் பையன் 'தூக்கம்'. அம்மாக்கள்கூட நாளடைவில், "அக்கா, இன்னைக்குத் தூக்கம் வரமாட்டான், காய்ச்சல்" என்று போனில் சொல்லப் பழகிவிட்டார்கள்.

தலைக்கு மேல் இருந்த கண்ணாடி பின்னால் வரும் வண்டிகளைப் பார்ப்பதற்காக வைக்கப்பட்டது. அவள் அதில் படித்ததெல்லாம் முகங்களை. சாதாரண நாள் முகம் ஒன்று, வீட்டுப்பாடம் எழுதாத முகம் ஒன்று, பரீட்சை முகம் ஒன்று. பரீட்சை நாளில் இரண்டு பேராவது வாந்தி எடுப்பார்கள். அதற்காகவே சீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் பைகள் வைத்திருந்தாள். ஒருநாள் ஒரு வாண்டு, மழை வருமா என்று விசாரிப்பதுபோல அவ்வளவு மரியாதையாகக் கேட்டது: "அக்கா, இன்னைக்கு வண்டி ரிப்பேர் ஆக சான்ஸ் இருக்கா?"

இருந்தால் நன்றாக இருக்குமே என்று அவளுக்கே தோன்றியது. அன்று வீட்டுக்கு வந்ததும், அப்போது ஐந்து வயதாகியிருந்த மகளைப் பார்த்து, இவள் முகத்தை நான் அந்தக் கண்ணாடியில் பார்க்கப்போவதில்லை என்று முடிவு கட்டினாள். கணவரிடம் சொன்னாள். அவர் ஆஸ்பத்திரியில் வார்டு நர்ஸ். இரவு வேலை முடித்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர். அவள் சொன்னபோதும் தூங்கிக்கொண்டிருந்தார். "ம்" என்றார். அந்த 'ம்' ஏழு வருஷம் நீடித்தது.

வீட்டில் படுக்கையறை ஒன்று. அதில் பகலெல்லாம் அவர் குறட்டை. ஆகவே வீட்டுப்பள்ளி வீட்டில் நடக்கவில்லை, வேனில்தான் நடந்தது. காலை சவாரி முடிந்ததும் ஆஸ்பத்திரியின் பின்பக்கச் சுவர் நிழலில் வண்டியை நிறுத்துவாள். முன்வரிசை கணக்குக்கு, நடுவரிசை மொழிக்கு, கடைசி வரிசை அறிவியலுக்கு. கடைசி வரிசையில் எதைக் கொட்டினாலும் பின்கதவைத் திறந்து கழுவிவிடலாம். பாடம் மாறினால் பிள்ளைகள் எழுந்து அடுத்த வரிசைக்குப் போய் உட்காருவார்கள். பின்னக்கணக்கைப் பெட்ரோல் முள்ளைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தாள். அரை டேங்கோடு கால் டேங்க் ஊற்றினால் முள் எங்கே நிற்கும் என்று பெரியவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

பரீட்சையும் உண்டு. ஆனால் அது அவளே கண்டுபிடித்த பரீட்சை. புத்தகத்தைத் திறக்கலாம். யாரிடம் வேண்டுமானாலும் கேட்கலாம். ஒரே ஒரு விதி: எந்தக் கேள்விக்கு யார் உதவினார்கள் என்று தாளின் அடியில் எழுதிவிட வேண்டும். "உதவி வாங்கறது தப்பில்ல. வாங்கிட்டு முழுங்கறதுதான் தப்பு" என்பாள். பெரியவளின் தாள்களின் அடிப்பாகம் மேல்பாகத்தைவிடச் சுவையாக இருக்கும். 'மூன்றாவது கேள்விக்கு டயர் கடை மாமா. ஆறாவதுக்கு அப்பா, பாதித் தூக்கத்தில். அதனால் பாதி தப்பு. இருவருக்கும் நன்றி.'

இந்தக் கல்வி முறையில் ஒரு ஓட்டை இருந்தது. தினமும் காலையில் பிள்ளைகள் இருவரும் முன்சீட்டில் உட்கார்ந்து பள்ளிக்கூட வாசல் வரை போவார்கள். பின்னால் இருப்பவர்கள் எல்லோரும் குதித்து இறங்கி, ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு உள்ளே ஓடுவார்கள். வேன் காலியாகும். இவர்கள் இருவரும் காலி வண்டியில் திரும்பி வருவார்கள். ஏழு வருஷம் தினமும் அதைப் பார்த்த பிள்ளை என்ன யோசிக்கும் என்று அவள் யோசிக்கவில்லை. பெரியவளுக்குப் பன்னிரண்டு வயதானபோது, ஒருநாள் திரும்பி வரும் வழியில், சாலையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"அம்மா, எல்லாரும் இறங்கற இடத்துல நானும் இறங்கணும்."

"அங்க என்னடி இருக்கு? வாந்தி எடுத்துட்டுப் போறதுங்க."

"எடுத்துட்டும் ஓடுதுங்களே."

வேன் அக்கா தேவையில்லாத இடத்தில் கியரை மாற்றினாள். சின்னவன், ஒன்பது வயது, "நான் போகமாட்டேன், அக்கா மட்டும் போகட்டும்" என்று அப்போதே அழ ஆரம்பித்தான். அழுகை ஒரு வாரம் ஓடியது; அந்த அழுகையோடேயே இருவரையும் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப்போனாள் வேன் அக்கா.

தலைமையாசிரியை ஒல்லியான, களைத்த அம்மாள். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு மேசை முழுக்க அதைத் தேடுகிறவர். வேன் அக்காவை அவருக்கு வருஷக்கணக்காகத் தெரியும், வாசல் வரைக்கும். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் இருவருமே ஒருவரையொருவர் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டார்கள்.

சின்னவனிடம் ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார். அழுதுகொண்டே வாசித்தான், ஆனால் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தான். "ஐந்தாவது" என்றார். பெரியவளைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்தார்.

"வயசுக்கு ஏழாவது. பேச்சுலயும் ஏழாவதுதான். ஆனா இவ ஒரு பரீட்சைகூட எழுதினதில்லயே?"

"நிறைய எழுதியிருக்கா" என்றாள் வேன் அக்கா.

"உங்க வண்டிக்குள்ள எழுதினது. சரி, பருவத் தேர்வு வரைக்கும் ஏழுல உட்காரட்டும். கணக்குல தேறிட்டா அங்கயே. தேறலன்னா ஐந்துக்குப் போகணும்."

"ஆறுக்குத்தானே?"

"ஆறுல ஏற்கெனவே பிள்ளைங்க மூச்சை முறை வெச்சு விட்டுக்கிட்டிருக்காங்க. இடமில்ல. ஐந்துலதான் பெஞ்ச் காலி."

"ஐந்துல இவன் இருக்கானே, இவ தம்பி."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?"

பெரியவள் தம்பியை ஒரு தரம் பார்த்தாள். அவன் மூக்கைச் சட்டைக்கையில் துடைத்துக்கொண்டிருந்தான். "சரிங்க டீச்சர்" என்றாள், அம்மா வாயைத் திறக்கும் முன்பே.

உள்ளே போன பிறகு உலகம் தலைகீழாயிற்று. அழுதவன் ஒட்டிக்கொண்டான், ஆசைப்பட்டவள் ஒட்டவில்லை. முதல் நாள் பாடம் மாறும் மணி அடித்ததும் சின்னவன் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து வேறு வரிசையில் போய் உட்கார்ந்தான். கணக்கு முடிந்தால் இடம் மாற வேண்டும் என்பது அவனுக்குச் சூரியன் கிழக்கே உதிப்பது மாதிரி. வாத்தியார் குறும்பு என்று நினைத்துத் திட்டினார். அவனோ, "அப்ப அறிவியலை எங்க உட்கார்ந்து படிக்கறது சார்?" என்று உண்மையான கவலையோடு கேட்டான். வகுப்பே சிரித்தது. அடுத்த வாரம் பாதி வகுப்பு மணிக்கு மணி இடம் மாற ஆரம்பித்தது. அவன் பெரிய மனிதன் ஆகிவிட்டான்.

பெரியவளிடம் வரலாற்று ஆசிரியை ஒரு கேள்வி கேட்டார். எழுந்து நின்று, "தெரியாது டீச்சர். தேடிப் பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன்" என்றாள். வேனில் இது முழு மதிப்பெண் வாங்கும் பதில். அங்கே அது திமிர். மறுநாள் விடையைத் தேடிக்கொண்டுபோனபோது யாரும் அவளிடம் கேட்கவில்லை. அதற்கப்புறம் அவள் பேச்சைக் குறைத்தாள்.

பேசக் கிடைத்தது ஒருத்திதான்: ஜன்னல். அதே ஏழாவது, அதே பெஞ்ச். வாய் ஓயாத பிள்ளை. எந்த ஆசிரியரின் செருப்புச் சத்தம் எப்படி இருக்கும், எந்தக் குழாயில் தண்ணீர் வரும், பாடம் புரியாதபோது புரிந்த முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதையெல்லாம் பெரியவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். போகும்போதும் வரும்போதும் வேனில் வகுப்பு நடந்தது. யாருக்கும் கொடுக்காத ஜன்னலில் பாதியைப் பெரியவளுக்குக் கொடுத்தாள். கண்ணாடியில் அதையே பார்த்துக்கொண்டு வேன் அக்கா ஒரு வேகத்தடையில் வண்டியைத் தூக்கிப் போட்டாள். சந்தோஷத்தில்தான் என்று ஒப்புக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

பகல்கள்தான் அவளைக் கொன்றன. காலை சவாரிக்கும் மாலை சவாரிக்கும் நடுவே கிடந்த நேரத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. வண்டியைக் கழுவினாள். கழுவிய வண்டியை மறுபடி கழுவினாள். ஆஸ்பத்திரிச் சுவர் நிழலில் போய் நிறுத்தினாள். காலி வரிசைகள் முதுகில் குத்தின. வண்டியை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தைச் சுற்றினாள். பின்பக்கச் சுவர் ஓரம் நிறுத்தி, ஏதோ ஒரு வகுப்பு வாய்ப்பாடு கத்துவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சத்தத்தில் தன் பிள்ளையின் குரலைத் தேடினாள். கிடைக்கவில்லை. ஏழாவதில் வாய்ப்பாடு கத்தமாட்டார்கள் என்பது தெரிந்தும் தேடினாள்.

வாட்ச்மேன் வந்து கண்ணாடியைத் தட்டினார். "ஏம்மா, தினமும் வந்து நிக்கறியே. ஒண்ணு உள்ள போய்ப் படி, இல்ல வீட்டுக்குப் போ."

"நிழலுக்கு நிறுத்தியிருக்கேன் அண்ணே."

அவர் சுவரையும் சூரியனையும் பார்த்தார். நிழல் எதிர்ப்பக்கம் இருந்தது. திரும்பிப் போய்விட்டார்.

"வீட்டுக்கு வந்து படுத்துத் தூங்கேன்" என்றார் கணவர்.

"நீங்க தூங்கறது போதாதா ஒரு குடும்பத்துக்கு?"

அவளுடைய தவிப்புக்கு இரண்டு தலை. மகள் தேற வேண்டும், தம்பியோடு உட்காரும் அவமானம் பிள்ளைக்கு வரக்கூடாது என்று ஒரு தலை வேண்டிக்கொண்டது. தேறாவிட்டால்தான் என்ன, பிள்ளை தானாகத் திரும்பி வந்துவிடுவாளே, நான் சொன்னது சரியாகிவிடுமே என்று இன்னொரு தலை, முதல் தலைக்குக் கேட்காமல், கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. ஒரே உடம்பில் இருந்ததால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே பசியின்மை, ஒரே தூக்கமின்மை.

பருவத் தேர்வு வந்தது. பிளாஸ்டிக் பைகள் செலவாகின. பெரியவள் வாந்தி எடுக்கவில்லை. கணக்குத் தேர்வன்று வெளியே வந்தபோது முகம் தெளிவாக இருந்தது. "ஒண்ணு மட்டும் தடுமாறினேன். மத்ததெல்லாம் போட்டுட்டேன்" என்றாள். முதல் தலை பெருமூச்சு விட்டது.

சில நாள் கழித்து ஒரு மாலை, ஜன்னல் வேனில் ஏறினாள். ஜன்னல் ஓரத்துக்குப் போகவில்லை. தூக்கத்தின் பக்கத்தில், நடைவழியில், பையை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பெரியவள் பின்வரிசையில் தனியாக. கண்ணாடியில் இந்தக் காட்சியைப் பார்த்துக்கொண்டே ஓட்டியதில் வேன் அக்கா ஒரு சிக்னலில் பச்சை விழுந்தும் நின்றுகொண்டிருந்தாள். பின்னால் ஹார்ன்கள் அவளைத் திட்டின.

எல்லோரும் இறங்கிய பிறகு சாலையோரம் வண்டியை நிறுத்தினாள். சின்னவன் இருந்தான், ஆனால் அவன் கடைசி வரிசையில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு தன் புகழை அசைபோட்டுக்கொண்டிருந்தான்.

"என்னடி ஆச்சு?"

"உன்னை நாளைக்கு வரச் சொன்னாங்க. நான் காப்பி அடிச்சேனாம்."

"அடிச்சியா?"

"மூணுல ரெண்டும் நாலுல ஒண்ணும் கூட்டணும். வண்டில முள் இருக்கும், தாள்ல முள் இல்ல. பென்சிலைக் கடிச்சிட்டு உட்கார்ந்திருந்தேன். நான் கேக்கவேயில்லம்மா. அவளே குனிஞ்சு, 'மேல உள்ளதை மேல கூட்டு, கீழ உள்ளதைக் கீழ கூட்டு'ன்னா. நான் அப்படியே ஏழுல மூணுன்னு போட்டேன்."

வேன் அக்காவுக்கு ஒரு நிமிஷம் காப்பி விவகாரமே மறந்துவிட்டது. "ஏழுல மூணா? முக்காலுக்குக் கிட்ட இருந்த டேங்க்ல கால் டேங்க் ஊத்தினா பாதிக்குக் கீழ போகுமாடி?"

"எனக்கும் தோணிச்சு. பள்ளிக்கூடத்துல வேற மாதிரி இருக்கும்போலன்னு நினைச்சுட்டேன்."

"சரி, அவ சொன்னது எப்படித் தெரிஞ்சது?"

பெரியவள் அம்மாவை விசித்திரமாகப் பார்த்தாள். "நான்தான் எழுதினேனே, அடியில. எப்பவும் எழுதறது மாதிரி."

கணக்கு வாத்தியார் இருவருக்கும் பூஜ்யம் போட்டிருந்தார். அதுகூடப் பரவாயில்லை. ஜன்னல் தேர்வில் பேசி ஏற்கெனவே ஒருமுறை எச்சரிக்கை வாங்கியவள். இன்னொரு புகார் வந்தால் விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவேன் என்று அவள் அப்பா சொல்லி வைத்திருந்தார். சொன்னதைச் செய்கிற மனிதர். லாரி ஆபீஸில் மேலாளர், அனுப்புவதுதான் அவர் தொழிலே.

"நீ உள்ளதைச் சொல்லு" என்றாள் வேன் அக்கா. "நீ கேக்கல, அவளாச் சொன்னா. அவ்வளவுதானே?"

பெரியவள் காலியாகக் கிடந்த இடதுபக்க ஜன்னல் சீட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

மறுநாள் தலைமையாசிரியையின் மேசையில் அந்தத் தாள் இருந்தது. 'நான்காவது கணக்குக்குப் பக்கத்தில் இருந்தவள் சொன்னாள். நன்றி.' கையெழுத்து அழகாக இருந்தது.

"முப்பது வருஷமா பிட்டு பிடிக்கறேன்" என்றார் தலைமையாசிரியை. "சாக்ஸுக்குள்ள, தலைமுடிக்குள்ள, எல்லாம் பார்த்தாச்சு. தாள்லயே ரசீது எழுதிக் கொடுத்தவளை இப்பதான் பார்க்கறேன். அதுவும் தப்பான உதவிக்கு நன்றி."

வேன் அக்கா அந்த விதியை விளக்க ஆரம்பித்தாள். தலைமையாசிரியை பொறுமையாகக் கேட்டார். நடுவே நெற்றியில் இருந்த கண்ணாடியை மேசையில் தேடினார். வேன் அக்கா தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். "தேங்க்ஸ்" என்று போட்டுக்கொண்டார்.

"உங்க விதி நல்ல விதி. இங்க செல்லாது. எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான். இவ கேக்காமலே அவ சொல்லியிருந்தா, அது அவ தப்பு. இவளுக்கு அந்த ஒரு கணக்கை அடிச்சிட்டு மத்ததுக்கு மார்க் போட்டுடலாம், தேறிடறா, ஏழுலயே இருக்கலாம். இவளாப் பார்த்து எழுதியிருந்தா இவளுக்குப் பூஜ்யம், ஐந்தாவது. அந்தப் பொண்ணு தப்பிச்சா." பெரியவள் பக்கம் திரும்பினார். "எது?"

அறையில் மின்விசிறி ஒன்று முனகியது. பெரியவள் அதைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். பிறகு மறுபடி மின்விசிறியிடம் சொன்னாள்:

"அவ ஒண்ணும் சொல்லல டீச்சர். நான்தான் எட்டிப் பார்த்தேன். சொன்னான்னு மாத்தி எழுதிட்டேன்."

பொய் சொல்லிப் பழகாத பிள்ளை. அதை மூட்டைபோலத் தூக்கி, மேசைமேல் பொத்தென்று போட்டாள். காது சிவந்திருந்தது.

"ஓ" என்றார் தலைமையாசிரியை. "உங்ககிட்ட வீட்டுல என்ன சொன்னாம்மா?"

வேன் அக்கா வாயைத் திறந்தாள். உண்மையைச் சொன்னால் மகள் ஏழிலேயே இருப்பாள். ஏழு வருஷம் ஊட்டிய விதியும் பிழைக்கும். பொய் சொன்னால் மகள் ஐந்துக்கு இறங்குவாள். இறங்கினால் ஒருவேளை வீட்டுக்கே வந்துவிடுவாள். நல்ல மனசு என்று ஊர் சொல்லக்கூடிய பொய்யும் தன் சுயநலமும் ஒரே சீட்டில் நெருக்கி உட்கார்ந்திருந்தன. பெரியவள் அம்மாவைப் பார்க்கவில்லை. ஆனால் நாற்காலிக் கையில் கிடந்த அம்மாவின் சுண்டுவிரலைத் தன் விரலால் ஒருமுறை அழுத்தினாள்.

"என்கிட்டயும் அதைத்தான் சொன்னா" என்றாள் வேன் அக்கா.

சொன்னது எந்தத் தலை என்று அவளுக்கே தெரியவில்லை.

தலைமையாசிரியை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க வீட்டுப் பாடத்துல பொய் சொல்றது சேர்க்கல போலிருக்கு. ரெண்டு பேருக்கும் சுத்தமா வரல." பேனாவை எடுத்தார். "ஆனா நீங்க சொல்றதைத்தான் நான் எழுத முடியும். நாளையிலேர்ந்து ஐந்தாவது. அரையாண்டுத் தேர்வு முடிஞ்சதும் மறுபடி பார்ப்போம். அதுல தேறினா மேல வரலாம். தேறலன்னா வருஷம் முழுக்க அங்கதான்."

அன்று மாலை மற்ற பிள்ளைகள் வர இன்னும் மணி அடிக்கவில்லை. பெரியவளை மட்டும் முன்னதாக அனுப்பியிருந்தார்கள். வேனில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"இங்க பாரு" என்றாள் வேன் அக்கா. "ஐந்துல போய் உட்காரணும்னு ஒண்ணும் கட்டாயமில்ல. காலையில என்கூடவே திரும்பி வந்துடேன். பழைய மாதிரி படிக்கலாம். யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

"உனக்குச் சந்தோஷமா இருக்கு."

"எனக்கா? எதுக்குடி சந்தோஷம்?"

"கண்ணாடில தெரியுது."

வேன் அக்கா அவசரமாகக் கண்ணாடியைப் பார்த்தாள். அங்கே ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி, பரீட்சைக்கு எதையோ ஒளித்து வைத்திருப்பவளின் முகத்தோடு, திரும்பிப் பார்த்தாள். கண்ணாடியை மேல்பக்கம் திருப்பிவிட்டாள்.

"சந்தோஷம் கொஞ்சம்தான்" என்றாள் கடைசியில். "மிச்சமெல்லாம் வயித்தெரிச்சல்."

"நான் வரல. ஐந்துல உட்கார்றேன்."

"உன் தம்பி பக்கத்துல."

"அவன் பக்கத்துல உட்காரமாட்டேன். அவன் மணிக்கு மணி எழுந்து போறான்."

வீட்டில் செய்தி கேட்ட சின்னவன் அதிர்ந்துபோனான். "எங்க கிளாஸுக்கா? அங்க எனக்குன்னு ஒரு பேர் இருக்கு." பிறகு, கொஞ்ச நேரம் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, தலைவர் தோரணையில் அறிவுரை வழங்கினான். "தெரியாதுன்னு மட்டும் சொல்லாதே. யோசிக்கறேன்னு சொல்லணும். அப்பதான் உட்காரச் சொல்லுவாங்க."

"தெரியும்டா. ஏழுலயும் அதே கதைதான்."

வேலைக்குக் கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டிருந்த கணவர் முழுக்கதையும் கேட்டார். "பொய் சொன்னாளா? அடுத்தவளுக்காக? நீயும் கூடச் சேர்ந்து சொன்னியா?" பொத்தானைத் தப்பான ஓட்டையில் போட்டு, மறுபடி கழற்றினார். "ஏழு வருஷம் நீ சொல்லிக்கொடுத்தே, ஒரு மாசத்துல அதை மாத்திட்டாங்களே. கெட்டிக்காரப் பள்ளிக்கூடம்தான்."

"கிண்டலா?"

"இல்லம்மா. நிஜமாத்தான் சொல்றேன். எனக்கே எதுன்னு தெரியல."

மறுநாள் பெரியவள் ஐந்தாவதுக்குப் போனாள். மாலையில் வேனில் ஏறும்போது அவளைப் பார்த்து இரண்டொரு ஏழாவதுப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே ஏறினாள். "பெஞ்ச் குட்டி. இடிக்குது" என்றாள் பொதுவாக. ஜன்னல் ஏறினாள். ஒரு கணம் நடைவழியில் நின்றாள். பிறகு ஜன்னல் ஓரத்துக்குப் போய், உள்ளே நகர்ந்து, பக்கத்தில் தட்டினாள். பெரியவள் போய் உட்கார்ந்தாள். ஜன்னல் பையைத் திறந்து கணக்குப் புத்தகத்தை எடுத்தாள்.

"அரையாண்டு வரைக்கும் தினமும் நான் உனக்குச் சொல்லித் தர்றேன். போகும்போது ஒரு கணக்கு, வரும்போது ஒரு கணக்கு. நீ மேல வந்துடணும்."

"எங்கம்மா சொல்லித் தருவாங்க."

"உங்கம்மா முறையெல்லாம் இங்க செல்லாது. பார்த்தோம்ல?"

வேன் அக்கா ஹார்னை அடித்தாள். எதிரே யாரும் இல்லை.

வண்டி நகர்ந்தது. பின்னால் பாடம் ஆரம்பமாயிற்று. ஜன்னலின் குரலில் எந்தச் சந்தேகமும் இல்லை. "இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ. கூட்டினாப் பெரிசாகும், கழிச்சாச் சின்னதாகும். பெருக்கினா எப்பவுமே பெரிசாகும். எப்பவுமே. பெருக்கி வந்த விடை சின்னதா இருந்தா நீ தப்புப் பண்ணிட்டேன்னு அர்த்தம்."

வேன் அக்காவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எப்பவுமே இல்லை. அரையை அரையால் பெருக்கினால் கால். இரண்டு வருஷம் முன்பு, ஆஸ்பத்திரிச் சுவர் நிழலில், முன்வரிசையில், ஒரு ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்து இதைச் சொல்லிக்கொடுத்திருந்தாள். ஒரு வார்த்தை போதும். வண்டியை ஓரம் கட்டக்கூட வேண்டாம். இப்படியே விட்டால் அரையாண்டிலும் கோட்டைவிடுவாள், வருஷம் முழுக்கக் குட்டி பெஞ்ச்தான். வாயைத் திறந்தாள். 'உங்கம்மா முறையெல்லாம் இங்க செல்லாது.' மூடிக்கொண்டாள். உதட்டைக் கடித்தாள். ஒரு தெரு தாண்டியது. இன்னொரு தெருவும் தாண்டியது.

"அக்கா" என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தான் தூக்கம். "எங்க வீடு பின்னால போயிடுச்சு."

"தெரியும்டா, தெரியும்" என்று அவள் பிரேக் போட்டு, ரிவர்ஸில் தள்ளினாள். சந்து குறுகல். கழுத்தை வளைத்துப் பின்னால் பார்க்க வேண்டியிருந்தது. பார்த்தால் இரண்டு தலைகளும் ஒரே தாளில் கவிழ்ந்திருந்தன.

"இரு, இரு" என்றாள் பெரியவள். "அரையை அரையால பெருக்கு. அரையில பாதி கால்தானே? சின்னதாயிடுச்சே?"

ஜன்னல் யோசித்தாள். "அது வேற."

"எப்படி வேற?"

"அது… அது பின்னம். பின்னத்துக்கு இது கிடையாது."

"அப்ப 'எப்பவுமே'ன்னியே?"

"சரி, 'எப்பவுமே'யை அடிச்சிடு. நீயே போடு பார்ப்போம், மூணுல ரெண்டையும் நாலுல ஒண்ணையும்."

"பெருக்கவா, கூட்டவா?"

"ரெண்டும். எது சரின்னு நாளைக்கு வாத்தியார்கிட்ட கேப்போம்."

முன்னால் ஒருத்தி இரண்டுக்கும் விடை தெரிந்தவளாக உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை. வண்டி பின்னால் போய்க்கொண்டே இருந்தது.

"அக்கா, சுவர்" என்றான் தூக்கம்.

பிரேக்கை மிதித்தாள்.